ஜெல் மணிக்குள் நொதி

(வெள்ளி விழாக் கருத்தரங்கில் நிகழ்த்திய உரை)



சங்கத்தின் 25 ஆண்டுக் கால வரலாற்றை எடுத்துரைக்கத் தகுதி வாய்ந்த பெரியோர்கள் இம்மேடையில் வீற்றிருக்கின்றனர். எனக்கு இடப்பட்ட பணி வேறு. அறிவியலில் ஏதேனும் ஒரு பொருளை எடுத்துக்கொண்டு, பள்ளி இறுதி வகுப்பு மாணவரும் விளங்கிக்கொள்ளும் வகையில் பேசவேண்டும் என்று சங்கத்தார் பணித்தனர். நொதியை ஜெல் மணிகளுக்குள் அடைத்துவைத்து, அதனைக் கொண்டு சர்க்கரைகளைப் பிரிக்கும் முறையை நான் எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

இப்பொருளைத் தேர்ந்தமைக்குக் காரணம் உண்டு. இதன் அடிப்படைக் கருத்து மிக எளியது. இதனைச் செய்துபார்க்க வேண்டிய பொருள்களும் அரியன அல்ல. ஆயினும் இவ்வெளிய கருத்து உலக வாணிகத்தையே அசைத்திருக்கிறது. எங்கோ ஒரு தீவில் கரும்பு வெட்டிப் பிழைத்த கூலித் தொழிலாளியின் அடுப்பு வரையில் சென்று எட்டியிருக்கிறது. அதனையும் இவ்வுரையின் இறுதியில் கூறுவேன்.

நொதி என்பது யாது?

ஒரு கவளம் சோற்றை வாயிலிட்டு, விழுங்காமல் நெடுநேரம் மென்று பாருங்கள். நாவில் மெல்லிய இனிப்புத் தோன்றும். சோற்றிலுள்ள மாவுப்பொருளை உமிழ்நீரில் உள்ள ஒரு பொருள் சர்க்கரையாக உடைப்பதே அதற்குக் காரணம். இவ்வாறு உயிர்களின் உடலில் வேதிவினைகளை விரைந்து நடத்தி, தாம் அழியாமல் எஞ்சி நிற்கும் பொருள்களே நொதிகள் எனப்படுகின்றன.

1833ஆம் ஆண்டில் பயான், பெர்சோ என்னும் பிரெஞ்சு அறிஞர் இருவர், முளைவிட்ட பார்லியிலிருந்து இத்தகைய பொருளொன்றைப் பிரித்தெடுத்தனர். 1897இல் ஜெர்மானிய அறிஞர் எட்வர்டு புக்னர், ஈஸ்டு செல்களை அரைத்துப் பிழிந்த சாறும் சர்க்கரையை நொதிக்கச் செய்வதைக் கண்டார். செல் உயிரோடு இருந்தால்தான் இவ்வினை நடக்கும் என்ற நெடுநாளைய கருத்து அன்றோடு வீழ்ந்தது. அதற்காக 1907இல் அவருக்கு நோபல் பரிசு வழங்கப்பட்டது.

நொதி என்பது புரதமே என்று நிலைநாட்டியவர் அமெரிக்காவின் ஜேம்ஸ் சம்னர். இளைஞர்கள் இவரைப் பற்றி அறிந்திருத்தல் வேண்டும். பதினேழாம் வயதில் வேட்டையின்போது நேர்ந்த விபத்தில் இவர் தம் இடக்கையை இழந்தார். அதுவரை அவர் இடக்கைப் பழக்கம் உடையவர். ஒற்றைக் கையோடு வேதியியலில் முன்னேற இயலாது, வேறு துறைக்குச் செல் என்று அவருக்கு அறிவுரை கூறப்பட்டது. அவர் கேட்கவில்லை. 1926இல் வாளவரை இனத்து விதையிலிருந்து யூரியேஸ் என்னும் நொதியைப் படிகமாகவே பிரித்துக் காட்டினார். அறிவுலகம் அதனை ஏற்கப் பல ஆண்டுகள் ஆயின. 1946இல் அவரும் நோபல் பரிசு பெற்றவர் ஆனார்.

ஒவ்வொரு நொதிக்கும் உரிய வேலை ஒன்றே. பூட்டுக்கு ஏற்ற சாவிபோல, தனக்குப் பொருந்தும் பொருளோடு மட்டுமே அது சேர்ந்து வினை புரியும். நாம் தேநீரில் இடும் கரும்புச் சர்க்கரையின் வேதிப்பெயர் சுக்ரோஸ். அது குளுக்கோஸ், ஃபிரக்டோஸ் என்னும் இரண்டு எளிய சர்க்கரைகள் இணைந்தது. அவ்விணைப்பை வெட்டும் நொதி இன்வர்டேஸ். பாலில் உள்ள சர்க்கரை லாக்டோஸ். அது குளுக்கோசும் காலக்டோசும் இணைந்தது. அதனை வெட்டும் நொதி லாக்டேஸ்.

பால் ஒத்துக்கொள்ளாமை

லாக்டேஸ் என்ற பெயர் புதிதாகத் தோன்றினாலும், அது இல்லாமையின் விளைவு நமக்குப் புதிதன்று. பசும்பாலில் ஏறத்தாழ நூற்றுக்கு ஐந்து பங்கு லாக்டோஸ் உள்ளது. தாய்ப்பால் உண்ணும் குழந்தையின் சிறுகுடலில் லாக்டேஸ் நிறைய உண்டு. வளர வளர அது பெரும்பாலோரிடம் குறைந்துவிடுகிறது. உலகில் வயது வந்தோரில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் லாக்டோசை முழுமையாகச் செரிக்க இயலாதவர்கள் என்று கணக்கிடப்பட்டுள்ளது. வட இந்தியரைவிடத் தென்னிந்தியரிடம் இந்நிலை மிகுதி. செரிக்கப்படாத லாக்டோஸ் பெருங்குடலுக்குச் சென்று, அங்குள்ள பாக்டீரியாக்களால் நொதிக்கப்படும். அதனால் வயிறு உப்புகிறது, இரைகிறது, சிலருக்குப் பேதியும் ஆகிறது.

எனவே, "எனக்குப் பால் ஒத்துக்கொள்ளாது" என்று கூறுபவரைப் பார்த்து நகைத்தல் தவறு. அது நோயன்று, மனித இனத்தில் பெரும்பான்மையோரின் இயல்பான நிலை. பாலைத் தயிராக்கி, மோராக்கி உண்ட நம் முன்னோரின் வழக்கமும் இதற்குத் துணை செய்தது. தயிரை உறையச் செய்யும் பாக்டீரியாக்கள் லாக்டோசின் ஒரு பகுதியை லாக்டிக் அமிலமாக மாற்றிவிடுகின்றன. ஆகவே பால் ஒவ்வாத பலருக்கும் தயிர் ஒத்துக்கொள்கிறது.

கரைந்து போகும் செல்வம்

பாலில் லாக்டேஸ் நொதியைக் கலந்துவிட்டால் லாக்டோஸ் உடைந்துவிடும். அவ்வாறாயின் இடர்ப்பாடு எங்கே இருக்கிறது? நொதி நீரில் கரையும் பொருள். பாலில் கலந்தபின் அதனை மீண்டும் பிரித்தெடுத்தல் எளிதன்று. வேலை முடிந்தபின்னும் நொதி அழியாமல் இருக்கிறது. ஆனால் நம் கைக்குத் திரும்புவதில்லை. அரும்பாடுபட்டு எடுத்த விலையுயர்ந்த நொதி, ஒரே முறை பயன்பட்டு, பொருளோடு பொருளாகச் சென்றுவிடுகிறது.

இதனை ஓர் உவமையால் விளக்கலாம். ஒரு நல்ல நூலை ஒருவருக்குக் கொடுத்து, அவர் அதனைத் தம்மோடு கொண்டு சென்றுவிட்டால், பயன் அவர் ஒருவருக்கே. அந்நூலை நூலகத்தில் வைத்து, வருவோர் படித்துச் செல்ல ஏற்பாடு செய்தால், ஒரே நூல் ஆயிரம் பேருக்குப் பயன்படும். நூல் ஓரிடத்தில் இருக்கிறது. படிப்போர் வந்து செல்கின்றனர். அதுபோலவே நொதியை ஓரிடத்தில் நிலைநிறுத்தி, பாலையோ சர்க்கரைக் கரைசலையோ அதன் வழியாக ஓடவிட்டால் என்ன? இவ்வாறு நிறுத்தப்பட்ட நொதியையே நிலைநிறுத்தப்பட்ட நொதி என்கிறோம்.

1916இல் அமெரிக்காவில் நெல்சன், கிரிஃபின் என்னும் இருவர், இன்வர்டேஸ் நொதி கரித்தூளின் மேற்பரப்பில் ஒட்டிக்கொண்ட பின்னும் சுக்ரோசை உடைப்பதைக் கண்டனர். ஆயினும் இக்கண்டுபிடிப்பு ஏறத்தாழ அரை நூற்றாண்டுக் காலம் தொழிலுக்குப் பயன்படாமல் கிடந்தது. 1969இல் ஜப்பானின் தனபே நிறுவனத்தில் இச்சிரோ சிபாத்தா என்பவரும் அவர்தம் குழுவினரும், நிலைநிறுத்திய நொதியைக் கொண்டு அமினோ அமிலங்களைப் பிரிக்கும் பணியை முதன்முதலாகத் தொழிற்சாலை அளவில் நடத்திக் காட்டினர். அதன்பின் நொதியை நிலைநிறுத்தப் பல வழிகள் தோன்றின: பரப்பில் ஒட்டவைத்தல், வேதிப்பிணைப்பால் கட்டுதல், இழைகளுக்குள் அடைத்தல், ஜெல்லுக்குள் சிறைப்படுத்தல் என்பன அவை.

கடற்பாசி தந்த கூடு

இவற்றுள் மாணவர்க்கு எளியது ஜெல்லுக்குள் அடைக்கும் முறை. அதற்கு உதவுவது கடற்பாசி. பழுப்புக் கடற்பாசிகளின் செல்சுவரில் ஆல்ஜினிக் அமிலம் என்னும் பொருள் இருக்கிறது. 1880களில் ஸ்டான்ஃபோர்டு என்னும் ஆங்கில வேதியியலர் இதனை ஆராய்ந்து வெளியிட்டார். இராமநாதபுரம் மாவட்டக் கடலோரத்தில், மன்னார் வளைகுடாவில், பெண்கள் கடலில் மூழ்கிச் சேகரிக்கும் பாசிகளுள் சர்காசம் என்னும் பழுப்புப் பாசியும் ஒன்று. ஆல்ஜினேட் ஆலைகளுக்கு அது ஒரு மூலப்பொருள். மூச்சடக்கி மூழ்கும் அப்பெண்களின் உழைப்பே ஆய்வுக்கூடத்தில் வெண்மையான பொடியாக வந்து நிற்கிறது என்பதை நாம் மறத்தலாகாது.

சோடியம் ஆல்ஜினேட் நீரில் கரைந்து கஞ்சிபோல் ஆகும். அதன் நீண்ட சங்கிலி மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பிணையாமல் மிதந்துகொண்டிருக்கும். அக்கஞ்சி கால்சியம் உப்புக் கரைசலைத் தொட்டதும், கால்சியம் அயனிகள் சங்கிலிகளுக்கு இடையே புகுந்து அவற்றைப் பிணைத்துவிடுகின்றன. உடனே கஞ்சி உறைந்து ஜெல் ஆகிறது. சொட்டுச் சொட்டாக விட்டால், ஒவ்வொரு சொட்டும் வெந்த ஜவ்வரிசிபோல் ஒரு மணியாகத் திரளும். கஞ்சியில் முன்னரே நொதியைக் கலந்திருந்தால், அந்நொதி மணிக்குள் அகப்பட்டுக்கொள்ளும். ஜெல்லின் துளைகள் வழியே சிறிய சர்க்கரை மூலக்கூறுகள் உள்ளே சென்று வெளிவரும்; உருவில் பெரிய நொதி உள்ளேயே தங்கும். 1977இல் கியர்ஸ்டன், பக் என்னும் அறிஞர்கள் நொதிகளையும் நுண்ணுயிர்ச் செல்களையும் கால்சியம் ஆல்ஜினேட் ஜெல்லில் அடைக்கும் முறையை விளக்கி வெளியிட்டனர்.

செய்து பார்க்கும் முறை

லாக்டேஸ் கிடைக்காவிட்டாலும் குற்றமில்லை. ரொட்டிக் கடையில் பயன்படுத்தும் ஈஸ்டில் இன்வர்டேஸ் நொதி இயல்பாகவே உண்டு. ஆகவே ஈஸ்டையே மணிக்குள் அடைத்து, கரும்புச் சர்க்கரையைப் பிரித்துக் காட்டலாம்.

100 மில்லிலிட்டர் காய்ச்சி வடித்த நீரில் 2 கிராம் சோடியம் ஆல்ஜினேட்டைச் சிறிது சிறிதாகத் தூவிக் கலக்குக. ஒரே முறையாகக் கொட்டினால் கட்டி தட்டும். ஓர் இரவு வைத்திருந்தால் நன்றாகக் கரையும். கிணற்று நீரைப் பயன்படுத்தலாகாது. அதிலுள்ள கால்சியம் ஆல்ஜினேட்டை அங்கேயே திரளச் செய்துவிடும். சிறிதளவு ஈஸ்டை நீரில் கரைத்து இக்கஞ்சியுடன் கலக்குக. வேறொரு கண்ணாடிக் குவளையில் 100 மில்லிலிட்டர் நீரில் 2 கிராம் கால்சியம் குளோரைடு கரைத்து வைத்துக்கொள்க. ஊசி நீக்கிய சிரிஞ்சினால் ஈஸ்டுக் கஞ்சியை அதனுள் சொட்டுச் சொட்டாக விடுக. இருபது நிமிடம் மணிகள் இறுகட்டும். பின்னர் வடிகட்டி நீரில் அலசுக.

இன்னொரு சிரிஞ்சின் அடியில் சிறு வலைத்துணியை வைத்து, மேலே மணிகளை நிரப்புக. நூற்றுக்கு ஐந்து பங்கு சர்க்கரை கலந்த கரைசலை மேலிருந்து மெல்ல ஊற்றி, கீழே சொட்டுவதைச் சேகரிக்க. ஊற்றுவதற்கு முந்திய கரைசலிலும், வடிந்த கரைசலிலும் பெனிடிக்ட் கரைசலைக் கலந்து கொதிநீரில் வைத்துப் பாருங்கள். சுக்ரோஸ் பெனிடிக்ட்டின் நீல நிறத்தை மாற்றாது. குளுக்கோசும் ஃபிரக்டோசும் அதனைப் பச்சையாகவும் மஞ்சளாகவும் செங்கல் நிறமாகவும் மாற்றும். வடிந்த கரைசலில் நிறம் மாறினால், உள்ளே நொதி வேலை செய்திருக்கிறது என்று பொருள்.

இதனோடு நிறுத்தலாகாது. நிறம் மாறியது நொதியினால்தான் என்பதற்கு என்ன சான்று? ஈஸ்டு கலவாத மணிகளைக் கொண்டும், கொதிக்கவைத்து ஆறிய ஈஸ்டைக் கலந்த மணிகளைக் கொண்டும் இதே சோதனையை நடத்துக. அவ்விரண்டிலும் நிறம் மாறாதிருந்தால் நம் முடிவு உறுதிப்படும். மிகுந்த வெப்பத்தில் புரதம் தன் வடிவை இழக்கும். வடிவிழந்த நொதி வேலை செய்யாது. இவ்வாறு ஒப்பிட்டுப் பார்க்கும் பழக்கமே அறிவியலின் உயிர்நாடி. யார் சொன்னார் என்பது இங்குச் சான்றாகாது. செய்து கண்டதே சான்றாகும்.

லாக்டேஸ் கிடைத்தால் இதே முறையில் பாலைச் சோதிக்கலாம். ஆனால் அதற்குப் பெனிடிக்ட் சோதனை பயன்படாது. லாக்டோசும் அதன் நிறத்தை மாற்றிவிடும். சிறுநீரில் குளுக்கோசைக் காணும் சோதனைப் பட்டையைக் கொண்டே பார்த்தல் வேண்டும். சோதனைக்கூடத்தில் செய்த பொருளை எக்காரணம் கொண்டும் பருகலாகாது.

மணியின் அளவும் ஓட்டத்தின் வேகமும்

மணிகள் சிறியனவாக இருத்தல் நன்று. நான்கு மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு மணியின் கஞ்சியைக் கொண்டு, இரண்டு மில்லிமீட்டர் விட்டமுள்ள எட்டு மணிகள் செய்யலாம். அவ்வெட்டின் மொத்த மேற்பரப்பு முந்தியதைப்போல் இரு மடங்கு. சர்க்கரை உள்ளே செல்லும் வாயில் அதனால் அகலும். கடக்கவேண்டிய தொலைவும் குறையும். ஆனால் மணிகள் மிகச் சிறியனவானால் நெருங்கிப் படிந்து, கரைசலின் ஓட்டத்தைத் தடுக்கும். ஓட்டத்தின் வேகமும் அவ்வாறே. மெல்ல ஓடினால் மிகுதியான சர்க்கரை உடையும். ஆனால் நாளொன்றுக்குக் கிடைக்கும் அளவு குறையும். இவ்விரண்டிற்கும் இடையே தக்க அளவைக் கண்டறிவதே பொறியியலாளரின் பணி.

குறைகளும் உண்டு. ஜெல்லின் துளை பெரிதாயின் சிறிய நொதி மூலக்கூறுகள் கசிந்து வெளியேறும். பாஸ்பேட், சிட்ரேட் ஆகிய உப்புகள் மிகுந்தால் அவை கால்சியத்தைக் கவர்ந்துகொள்ளும்; மணி கரையத் தொடங்கும். நுண்ணுயிர்கள் மணிகளில் படிந்து பொருளைக் கெடுக்கவும் கூடும்.

தொழிற்சாலையில்

இத்தாலியின் மிலான் நகரப் பால் நிலையம் 1970களில் நுண்ணிழைகளுக்குள் அடைத்த லாக்டேஸைக் கொண்டு லாக்டோஸ் குறைந்த பாலைத் தயாரித்தது. ஆயினும், நிலைநிறுத்திய நொதியே எங்கும் சிறந்தது என்று கருதிவிடலாகாது. நுண்ணுயிர்களிலிருந்து லாக்டேஸ் எடுப்பது மலிவானபின், நொதியை நேரே பாலில் கலந்துவிடும் முறையே இன்று பெரிதும் கையாளப்படுகிறது. ஒரு முறையின் தகுதி அதன் புதுமையில் இல்லை. செலவையும் பயனையும் எடைபோட்டே அது முடிவாகும்.

லாக்டோஸ் நீக்கிய பாலை வாங்குவோர் ஒன்றை அறிதல் வேண்டும். அதில் சர்க்கரை இல்லாமற் போகவில்லை, இரண்டாகப் பிரிந்திருக்கிறது. ஆகவே நீரிழிவு உடையோர் அதனைச் சர்க்கரையற்ற பால் என்று எண்ணலாகாது. பிறவியிலேயே காலக்டோசைப் பயன்படுத்தும் ஆற்றல் உடலில் இல்லாத குழந்தைகளுக்கும், பாற்புரதம் ஒவ்வாதவர்களுக்கும் அது ஏற்றதன்று.

கரும்பு வயலில் விழுந்த நிழல்

இறுதியாக, தொடக்கத்தில் நான் குறிப்பிட்ட செய்திக்கு வருகிறேன். நிலைநிறுத்திய நொதிகளுள் மிகப் பேரளவில் பயன்பட்டது குளுக்கோஸ் ஐசோமரேஸ். அது சர்க்கரையை உடைப்பதில்லை. குளுக்கோசின் ஒரு பகுதியை அதனினும் இனிய ஃபிரக்டோசாக மாற்றுகிறது. மக்காச்சோள மாவை முதலில் வேறு நொதிகளால் குளுக்கோசாக உடைத்து, பின்னர் இந்நொதி நிறைந்த கலங்களின் வழியாக ஓடவிட்டால், கரும்புச் சர்க்கரைக்கு ஒப்பான இனிப்புப் பாகு கிடைக்கும். 1960களின் இறுதியில் அமெரிக்காவின் ஐயோவா மாநிலத்தில் இது வாணிக அளவில் தொடங்கியது. 1984இல் அந்நாட்டின் இரு பெரும் குளிர்பான நிறுவனங்கள் கரும்புச் சர்க்கரையை விடுத்து இப்பாகுக்கு மாறின. அமெரிக்கா வெளிநாட்டிலிருந்து வாங்கும் சர்க்கரை வெகுவாகக் குறைந்தது.

பிலிப்பைன்ஸ் நாட்டின் நீக்ரோஸ் தீவு கரும்பையே நம்பியிருந்த தீவு. நிலம் சிலர் கையில் இருந்தது. உழைத்தவர்கள் நிலமற்ற கூலிகள். 1980களின் நடுவில் சர்க்கரை விலை வீழ்ந்தபோது, தோட்டங்கள் வேலையை நிறுத்தின. கூலி இழந்த குடும்பங்களில் பட்டினி பரவியது. குழந்தைகள் ஊட்டமின்றி வாடின. இதற்கு அந்நாட்டு அரசின் சர்க்கரை வாணிகக் கொள்கையும், ஒற்றைப் பயிரை நம்பிய வேளாண்மையும், நில உடைமை முறையும் காரணங்கள். மக்காச்சோளப் பாகும் அக்காரணங்களுள் ஒன்று. கரும்பு வெட்டியவர்க்கு ஐசோமரேஸ் என்ற பெயர் தெரிந்திருக்க நியாயமில்லை. நிலத்தை உடையவன் வேறு பயிருக்கு மாறலாம். கூலிக்கு அவ்வழியும் இல்லை.

நொதியின்மேல் குற்றமில்லை. லாக்டோசை உடைத்து ஒரு வயிற்றின் வலியைப் போக்குவதும், வாணிகத்தின் போக்கை மாற்றுவதும் ஒரே அறிவின் விளைவுகள். அவ்வறிவு யாரிடம் இருக்கிறது, எதற்காகப் பயன்படுகிறது என்று கேட்கும் ஆற்றல் நமக்கு வேண்டும். அவ்வாறு கேட்பதற்கு, அது எவ்வாறு இயங்குகிறது என்பதை முதலில் அறிந்திருத்தல் வேண்டும். உழைப்பவர் வீட்டுப் பிள்ளைகள் ஆய்வுக்கூடத்திற்குள் நுழைவது ஒரு வேலையைத் தேடுவதற்கு மட்டும் அன்று. நாளை நம் தொழிலையும் உணவையும் மாற்றப்போகும் பொருள்களை முன்கூட்டியே அறிந்துகொள்வதற்கும் ஆகும்.

ஆகவே இளைஞர்களுக்கு ஒரு வேண்டுகோள். வரும் கோடை விடுமுறையில், சங்கத்தின் மாலை நேரத்தில், இச்சோதனையை நீங்களே நடத்துங்கள். ஒரு பொட்டலம் ஈஸ்டு, சிறிது ஆல்ஜினேட், சிறிது கால்சியம் குளோரைடு, இரண்டு சிரிஞ்சுகள், பெனிடிக்ட் கரைசல் ஆகியவை போதும். அறிவியல் ஆசிரியர் ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொள்ளுங்கள். கண்டதைக் குறிப்பேட்டில் எழுதுங்கள். தவறிப் போனால் அதனையும் எழுதி, மீண்டும் செய்யுங்கள். பின்னர் உங்களினும் இளையோர்க்குக் கற்றுக்கொடுங்கள். அக்குறிப்பேடு சங்கத்தின் நூலகத்தில் இருக்கட்டும். அடுத்து வருவோர் அதிலிருந்து தொடங்கட்டும்.